அண்ணனிடம் கொடுத்த நுழைவுக் கோப்பு

அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். யார் வைத்த பெயர் என்று யாருக்கும் நினைவில்லை. ஆறு நிரலாளர்கள் சேர்ந்து எழுதி, ஆளுக்கொரு முறை பார்த்து, "பிரமாதம்" என்று தலையாட்டிய பக்கத்தை அவளிடம் கொடுத்தால் அரை மணி நேரத்தில் நான்கு ஓட்டைகளோடு திருப்பி அனுப்புவாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ஆள். ஆரம்பத்தில் முகத்தைச் சுளித்தவர்கள்கூட, இரண்டு வருடத்தில், "சல்லடை பார்த்தாச்சா?" என்று கேட்காமல் எதையும் வெளியே விடமாட்டார்கள்.

பல கிளைகள் கொண்ட ஒரு மருத்துவமனைக்கு அவர்கள் இணையதளம் செய்து கொடுத்திருந்தார்கள். நோயாளிகள் அதில் நேரம் முன்பதிவு செய்வார்கள். பரிசோதனை முடிவுகளைப் பார்ப்பார்கள். மருத்துவர்கள் குறிப்பு எழுதுவார்கள். வாரத்துக்கு ஒருமுறை தளத்தில் ஏதாவது மாற்றம் வரும். புதியதைச் சேர்த்ததில் பழையது எதுவும் உடைந்துவிடவில்லையே என்று பார்ப்பது சல்லடையின் வேலை. முந்நூற்றுச் சொச்சம் சோதனைகளைக் கையால் செய்து மாளாது. அதனால் உலாவியைத் தானாக ஓட்டும் நிரல்களை எழுதி வைத்திருந்தாள். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், உலாவி திறக்கும். ஆளில்லாமலே எழுத்துகள் விழும். பக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறும். கடைசியில் பச்சையோ சிவப்போ காட்டும்.

எல்லாம் சரி, வாசலில்தான் தகராறு. பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் மட்டும் தளம் உள்ளே விடாது. கைப்பேசிக்கு ஆறு இலக்க எண் ஒன்றை அனுப்பும். அதையும் தட்டினால்தான் கதவு திறக்கும். நிரலுக்குக் கைப்பேசி ஏது? போதாக்குறைக்கு, முந்நூறு சோதனையும் முந்நூறு தடவை வாசலில் போய் நின்றால், யாரோ கள்ளன் கதவை இடிக்கிறான் என்று நினைத்துத் தளம் அவளையே வெளியே தள்ளிப் பூட்டிவிடும். இரண்டு தடவை அப்படி நடந்தது.

அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒருமுறை தன் கையால் உள்ளே போவது. உள்ளே போனதற்கு அடையாளமாக உலாவி வைத்துக்கொள்ளும் சீட்டை ஒரு கோப்பில் சேமிப்பது. பிறகு எல்லாச் சோதனைகளையும் அந்தக் கோப்போடு தொடங்குவது. அந்தக் கோப்பு கையில் இருந்தால் பெயர் வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம், ஆறு இலக்கமும் வேண்டாம். "இந்தக் கணினியை நினைவில் வை" என்ற கட்டத்தில் ஒரு சொடுக்கு போட்டுவிட்டால் முப்பது நாளைக்குக் கவலையில்லை. நுழைவுக் கோப்பு என்று அதற்குப் பெயர் வைத்தாள்.

சோதனைக்கென்று தனியாக இருந்த தளத்தில் எல்லாம் பொய் நோயாளிகள். அங்கே எந்தப் பயமும் இல்லை. ஆனால் மாற்றங்கள் உண்மையான தளத்துக்குப் போன பிறகு அங்கேயும் பன்னிரண்டு சோதனைகள் ஓட்டவேண்டும். அதற்கு ஒரே ஒரு பொய் நோயாளியை மட்டும் பார்க்கக்கூடிய தனிக் கணக்கு கேட்டிருந்தாள். "அடுத்த வாரம்" என்று மூன்று மாதமாகச் சொன்னார்கள். அதுவரைக்கும் என்று அவள் பெயரிலேயே ஊழியர் கணக்கைத் திறந்து கொடுத்தார்கள். யாருடைய பக்கத்தை வேண்டுமானாலும் திறக்கும் கணக்கு. அந்தக் கணக்கின் நுழைவுக் கோப்பைத் தன் கணினியைத் தவிர வேறெங்கும் அவள் வைத்ததில்லை.

அண்ணனுக்குக் கொடுக்கும்வரை.

அண்ணன் கூடப் பிறந்தவர் இல்லை. பக்கத்து மேசைக்காரர். நல்ல உயரம்; கதவு நிலையில் குனிந்து வருவதால் மற்றவர்களுக்கு அவர் நெட்டை. இவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, "ஏம்மா தங்கச்சி, நாற்காலி உனக்கு ரொம்பத் தாழ்வா இருக்கே, என்னுதை எடுத்துக்க" என்று தன் நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தவர். அவள் பிரசவ விடுப்பில் இருந்தபோது அவள் வேலையையும் சேர்த்து இழுத்தவர். ஒன்பது வருடமாக இரண்டு பேரும் மதியம் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். அவர் மனைவியை இவள் அண்ணி என்று கூப்பிடுவாள். இவள் வீட்டுக்காரர் மின்தூக்கி பழுது பார்ப்பவர். அண்ணன் குடியிருந்த அடுக்ககத்தில் மின்தூக்கி நின்றுபோனால் யாரும் சொல்லாமலே போய்ச் சரிசெய்துவிட்டு வருவார். அப்படி ஒரு ஒட்டுதல்.

அண்ணன் எழுதும் பகுதிக்கும் உண்மைத் தளத்தில் சோதனை ஓட்டவேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும், "தங்கச்சி, நம்பர் வந்துச்சா?" என்று தலையை நீட்டுவார். இவள் கைப்பேசியைப் பார்த்து எண்ணைச் சொல்லுவாள். ஒருநாள் மகளின் பள்ளியில் ஆசிரியரைப் பார்க்கப் போயிருந்தபோது கைப்பேசியை அமைதியில் போட்டுவிட்டாள். வெளியே வந்து பார்த்தால் பதினொரு அழைப்பு. ஒரு மணி நேரம் அண்ணனின் வேலை நின்றுபோயிருந்தது.

மறுநாள் அவர், "எதுக்கும்மா இந்தக் கஷ்டம்? அந்தக் கோப்பை எனக்கு ஒரு பிரதி குடேன். உன்னையும் தொந்தரவு பண்ண வேணாம்" என்றார்.

"யாருக்கும் தரக்கூடாதுண்ணே. என் பேர்ல இருக்கு."

"நான் யாரோவா?"

அனுப்பினாள்.

மூன்று வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பாதுகாப்பு அதிகாரி அவளைக் கூப்பிட்டார். சத்தமே போடாத மனிதர். கண்ணாடி அறையில் மேலாளர் அம்மாளும் உட்கார்ந்திருந்தார். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒரு நோயாளி புகார் கொடுத்திருக்கார்" என்றார் அதிகாரி. "அவரோட குறிப்பைச் சம்பந்தமில்லாத யாரோ திறந்து பார்த்திருக்காங்க. யார் பார்த்தாங்கன்னு நோயாளிகளே தெரிஞ்சுக்க நம்ம தளத்துல ஒரு பட்டியல் இருக்கில்ல? அதுல உங்க பேர் இருக்கு."

"சோதனை ஓடும்போது தவறுதலா..." என்று தொடங்கினாள்.

"சோதனைக்கு இருக்கறது பொய் நோயாளி. இது நிஜமான ஆள். மனநல மருத்துவர் எழுதின குறிப்பு. நாலு நிமிஷம் திறந்து இருந்திருக்கு. போன வாரத்துக்கு முந்தின வாரம் வியாழக்கிழமை, மதியம் ஒண்ணு பன்னிரண்டு."

"அந்த நேரத்துல நான் சாப்பாட்டு அறையில இருந்தேன் சார்."

"யாரோட?"

"வழக்கம்போல அண்ணனோடதான். நீங்க அவரையே கேட்டுப் பாருங்க."

அதிகாரி எழுதிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, "அந்த நுழைவுக் கோப்பை வேற யார்கிட்டயாவது கொடுத்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

அந்த ஒரு கணத்தை அவள் பின்னால் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தாள். அண்ணனின் அம்மா படுக்கையில் இருந்தார். அவருடைய சொந்தத் தங்கைக்கு நிச்சயம் ஆகவிருந்த கல்யாணம் அப்போதுதான் நின்றுபோயிருந்தது. இரண்டு வாரமாக மனிதர் சரியாகப் பேசுவதில்லை. இந்த நேரத்தில் ஒன்றுமில்லாத விஷயத்துக்கு அவரையும் இழுத்துவிடுவானேன்?

"யார்கிட்டயும் கொடுக்கல" என்றாள். வேலைக்கு வந்த ஒன்பது வருடத்தில் அவள் சொன்ன முதல் பொய்.

வெளியே வந்ததும் நேரே அண்ணனிடம் போனாள். விஷயத்தைச் சொல்லி, "உங்க பேரை நான் எடுக்கலண்ணே. கோப்பு விஷயம் சொல்லவே இல்ல. சாப்பாட்டு நேரத்துல நான் அங்க இருந்தேன்னு மட்டும் கேப்பாங்க, சொல்லிடுங்க" என்றாள்.

அவர் முகம் சுண்டிப்போனது. தனக்காகத்தான் பதறுகிறார் என்று அவள் நினைத்தாள். "நீ கவலைப்படாத தங்கச்சி, நான் பார்த்துக்கறேன்" என்றார்.

பார்த்துக்கொண்டார்.

மறுநாள் அதிகாரி ஒரு தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அண்ணன் எழுதிக் கொடுத்த வாக்குமூலம். கீழே அவருடைய நீளமான கையெழுத்து. பிறந்தநாள் வாழ்த்து அட்டைகளில் அவள் பார்த்துப் பழகிய அதே கையெழுத்து. அவள் கணினியைப் பூட்டாமல் எழுந்து போவது வழக்கம் என்று எழுதியிருந்தார். நுழைவுக் கோப்பு முகப்பிலேயே கிடக்கும், இது சரியில்லை என்று தாம் பலமுறை எச்சரித்ததுண்டு என்றும் எழுதியிருந்தார். குறிப்பிட்ட வியாழக்கிழமை அவள் சாப்பாட்டு அறைக்குத் தாமதமாகத்தான் வந்தாளாம். ஏனென்று தாம் கேட்கவில்லையாம்.

அவள் இரண்டு தடவை படித்தாள். எழுத்துப்பிழை தேடுகிறவள்போல மூன்றாவது தடவையும் படித்தாள்.

"லேட்டா வந்தது நான் இல்ல சார்" என்றாள். "அவருதான்."

"அதை நிரூபிக்க ஏதாவது இருக்கா?"

இல்லை. அன்று சாப்பாட்டு அறையில் அவள் தனியாக, டப்பாவைத் திறக்காமல், அண்ணனுக்காகக் காத்திருந்தாள். வேலை முடியவில்லை, ஐந்து நிமிடம் என்று அவர் செய்தி அனுப்பவும் இல்லை. வந்தபோது, "மன்னிச்சுக்கம்மா" என்று சொல்லித் தன் டப்பாவிலிருந்து அவித்த முட்டையில் பாதியை அவள் பக்கம் வைத்தார். அதை எந்தப் பதிவேட்டில் போய்த் தேடுவது?

இருக்கைக்கு வந்து உட்கார்ந்தாள். பக்கத்து மேசை காலி. பயத்தில் எழுதியிருப்பார் என்று ஒரு மனம் அப்போதும் அவருக்காக வாதாடியது. குறிப்பைத் திறந்தது அவர் இல்லை, கோப்பு அவரிடம் இருப்பது தெரிந்துவிடும் என்ற பயம், அவ்வளவுதான். ஆனால் சல்லடைக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான்: எங்கே உடைந்தது என்று பார்ப்பது. நுழைவுக் கோப்பை உலாவியில் இரட்டைச் சொடுக்கில் திறக்க முடியாது. அதை ஒரு சோதனை நிரல்தான் ஏற்றிக்கொள்ள வேண்டும். குறிப்பைப் பார்த்தவன் எவனாக இருந்தாலும், அவளுடைய நிரலின் வழியாகத்தான் உள்ளே போயிருக்கவேண்டும்.

அந்த நிரலில், எந்தச் சோதனை தோற்றாலும் தோற்ற இடத்தைத் திரையோடு படம் பிடித்துப் அலுவலகத்தின் பொதுச் சேமிப்பிடத்தில் போடும்படி எழுதி வைத்தவள் அவளேதான். எந்தக் கணினி, எந்த நாள், எந்த நிமிடம் என்பது படத்தின் பெயரிலேயே இருக்கும். ஒன்பதாயிரம் படங்கள் அங்கே குப்பையாகக் குவிந்திருந்தன. யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அந்த வியாழக்கிழமையைத் தேடினாள். பதினேழு படங்கள். ஒன்று பன்னிரண்டு என்று ஒன்று இருந்தது. கணினியின் பெயர் அண்ணனுடையது.

நோயாளி எண்ணை மட்டும் மாற்றி ஓட்டியிருந்தார்கள். பொய் நோயாளியின் பெயரை எதிர்பார்த்த சோதனை, அங்கே வேறொரு பெயரைக் கண்டு தோற்றுப்போய், நல்ல பிள்ளையாகப் படம் எடுத்து வைத்திருந்தது. படத்தில் ஓர் ஆணின் பெயர், வயது முப்பத்தொன்று, தொழில் நில அளவையர். கீழே மருத்துவரின் குறிப்பு தொடங்கியது. அதைப் படிக்காமல் சட்டென்று கையால் திரையை மறைத்தாள். ஆனால் தொழில் கண்ணில் பட்டுவிட்டது. "மாப்பிள்ளை நில அளவையரும்மா. தங்கமான பையன். நடந்து நடந்தே கறுத்துப் போயிருக்கான்" என்று ஒரு மாதம் முன்பு அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னது அதே நாற்காலியில் உட்கார்ந்துதான். பிறகு ஒருநாள், "ஒத்து வரல, விட்டுட்டோம்" என்றார். அவள்தான் இரண்டு நாள் ஆறுதல் சொன்னாள்.

அதிகாரியிடம் போகுமுன் அவரிடம் போனாள். அது தப்பு என்று பிறகு மேலாளர் சொன்னார். இருக்கலாம். மாடிப்படித் திருப்பத்தில், தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் அவர் நின்றிருந்தார். அச்செடுத்த தாளை நீட்டினாள். குறிப்பு இருந்த பாதியை மடித்திருந்தாள்.

அதைப் பார்த்துவிட்டு, "இது எங்க கிடைச்சது?" என்றார்.

"இதுதான் உங்களுக்கு முதல்ல கேக்கத் தோணுதா?"

"என் தங்கச்சி வாழ்க்கைம்மா. அந்தப் பையன் அந்த ஆஸ்பத்திரிக்குப் போறான்னு யாரோ சொன்னாங்க. கையில சாவி இருந்தது. நீயா இருந்தா பார்த்திருக்க மாட்டியா?"

"பார்த்தீங்க, சரி. என் பேர்ல பார்த்தீங்க. அப்புறம் வந்து என் டப்பாவுல முட்டையை வெச்சீங்க. அதையும் விடுங்க. நான் லேட்டா வந்தேன்னு எழுதிக் குடுத்திருக்கீங்களேண்ணே!"

"பயந்துட்டேன். உனக்கு நல்ல பேர் இருக்கு. உன்னைத் திட்டி விட்டுடுவாங்கன்னு நினைச்சேன். என்னைன்னா வேலையை விட்டே அனுப்பிடுவாங்க." அவர் குரல் இறங்கியது. "அந்தப் படத்தை அழிச்சிடு தங்கச்சி. ஒரு படம்தான். யாருக்கும் தெரியாது."

"அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க."

"எதை?"

"தங்கச்சின்னு."

அன்று மதியமே அவள் அதிகாரியிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்தாள். கோப்பை யாருக்கும் கொடுக்கவில்லை என்று தான் சொன்னது பொய் என்பதையும் சேர்த்து. அதிகாரி கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, "நேத்தே சொல்லியிருந்தீங்கன்னா உங்களுக்கு ஒண்ணுமே ஆகியிருக்காது" என்றார்.

அண்ணனை அந்த வாரமே அனுப்பிவிட்டார்கள். அவளுக்கு எழுத்தில் எச்சரிக்கை. ஒரு வருடத்துக்கு உண்மைத் தளத்தின் பக்கமே போகக்கூடாது. அதில் அவளுக்கு மறுப்பில்லை. கஷ்டமாக இருந்தது வேறு விஷயம். அண்ணன் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனபோது நான்கு பேர் வாசல்வரை போனார்கள். திரும்பி வந்து அவளிடம் யாரும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து அண்ணி கூப்பிட்டார்.

"ஒம்போது வருஷம் கூட உக்காந்து சாப்பிட்டவரைக் காட்டிக் குடுக்க உனக்கு எப்படிம்மா மனசு வந்தது?"

"அண்ணி, அவரு என்ன எழுதிக் குடுத்தாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எல்லாம் சொன்னாரு. நீ நினைச்சிருந்தா மறைச்சிருக்கலாம்னும் சொன்னாரு" என்று வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் நில அளவையர் வந்தார். பட்டியலில் இருந்த பெயருக்கு உரியவரை நேரில் பார்க்கவேண்டும் என்று அவரே கேட்டிருந்தார். வெயிலில் கறுத்த முகம். புழுதி படிந்த காலணி. வேலையிலிருந்து நேராக வந்திருக்கவேண்டும். கண்ணாடி அறையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, "நீங்கதானா அது?" என்றார்.

"பேர் என்னுது. பார்த்தது நான் இல்லைங்க. ஆனா சாவியைக் குடுத்தது நான்தான். கேட்டப்ப குடுக்கலன்னு பொய்யும் சொன்னேன். மன்னிச்சுக்குங்க."

"மன்னிப்புக் கேக்கச் சொன்னாங்களா?"

"சொன்னாங்க. சொல்லலன்னாலும் கேட்டிருப்பேன்."

அவர் மேசையின் விளிம்பை விரலால் தடவினார். "எங்கம்மா போன வருஷம் தவறிட்டாங்க. அப்புறம் ஆறு மாசம் சிகிச்சைக்குப் போனேன். இப்ப நல்லாத்தான் இருக்கேன். அந்தப் பொண்ணுகிட்ட நானே சொல்லணும்னுதான் ஞாயித்துக்கிழமை பார்க்கலாம்னு சொல்லியிருந்தேன். சனிக்கிழமையே அவங்க அண்ணன் போன் பண்ணிட்டாரு. டாக்டர்கிட்ட நான் சொன்ன ஒரு வரிங்க. அம்மாவைப் பத்தி. வேற யார்கிட்டயும் சொன்னதில்ல. அந்த வரியை அவரு போன்ல எனக்கே படிச்சுக் காட்டினாரு. அதுக்கு முந்தின நாள் வரைக்கும் என்னை மாப்பிள்ளைன்னு கூப்பிட்டவரு. அந்தப் பொண்ணு பேரும் வெளிய வந்துடும்னுதான் புகார்ல அவரு பேரை எழுதல."

என்ன வரி என்று அவள் கேட்கவில்லை. அண்ணன் பார்த்தார் என்றுதான் அவள் இதுவரை நினைத்திருந்தாள். படித்துக் காட்டியதை அவர் அவளிடம் சொல்லவில்லை. தான் கட்டிய வாசல் வழியாக அண்ணன் போய் ஒரு மனிதனின் அடிமனதில் கையை விட்டிருக்கிறார் என்று இப்போதுதான் புரிந்தது.

"இனிமே நடக்காதுன்னு எப்படி நம்பறது?" என்று நில அளவையர் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, அளவு கேட்பவர்போலக் கேட்டார்.

அவள் சொன்னாள். மூன்று மாதமாக "அடுத்த வாரம்" என்றிருந்த தனிக் கணக்கு இரண்டே நாளில் வந்துவிட்டது. அதைக் கொண்டு ஒரே ஒரு பொய் நோயாளியைத் தவிர யாரையும் திறக்க முடியாது. ஆறு இலக்க எண்ணை இனி யாருடைய கைப்பேசிக்கும் அனுப்புவதில்லை. சோதனைக் கணினியே பூட்டிய இடத்தில் உண்டாக்கிக்கொள்ளும். நுழைவுக் கோப்பு ஒவ்வொரு ஓட்டத்திலும் புதிதாகப் பிறந்து, ஓட்டம் முடிந்ததும் அழிந்துபோகும். பழைய படங்கள் எல்லாவற்றையும், அவருடையதையும், அதிகாரியின் முன்னால் அழித்தாயிற்று.

"முன்னாடி அந்தக் கோப்பு எத்தனை நாளைக்குச் செல்லும்?"

"முப்பது நாள்."

"இப்ப?"

"இருபது நிமிஷம்."

அவர் தலையசைத்தார். எழுந்தபோது, "உங்களை மன்னிக்கற தெம்பு எனக்கு இப்ப இல்லைங்க. ஆனா நீங்க வந்து உக்காந்து உண்மையைச் சொன்னீங்க. அவரு இன்னும் மன்னிப்புக் கேட்டு ஒரு போன்கூடப் பண்ணல" என்றார். அவள் மின்தூக்கிவரை கூடவே போனாள். கதவு மூடும்வரை அங்கேயே நின்றாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அதுவரை பாதிதான் சொல்லியிருந்தாள். பொய் சொன்னதை மறைத்திருந்தாள். மகள் உள்ளே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். கணவர் கை கழுவாமலே, கிரீஸ் கறையோடு, அவள் முடிக்கும்வரை கேட்டார்.

"அவருக்காகவா பொய் சொன்ன?" என்றார் கடைசியில்.

"ம்."

"அவரு கேக்கறதுக்கு முந்தியேவா?"

"அவரு கேக்கவே இல்லைங்க. நானாத்தான் சொன்னேன்."

அதைச் சொன்னபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. இத்தனை நாளும் வராத அழுகை. மகள் எட்டிப் பார்த்து, "அம்மாவுக்கு என்னப்பா?" என்றாள்.

"ஆபீஸ்ல ஒருத்தர் வேலையை விட்டுப் போயிட்டாரு" என்றார் கணவர். "வேண்டப்பட்டவரு."

அவள் அதைத் திருத்தவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, மகளின் நோட்டை வாங்கி, கணக்கில் எங்கே பிசகியிருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தாள்.